நாய்க்கு குஷிங்ஸ் நோய்: மாத்திரையையும் கண்காணிப்பையும் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

பத்து வயது நாய், குஷிங்ஸ் (உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) என்று சொல்லிவிட்டார்கள், ஆயுள் முழுக்க மாத்திரையாம், அடிக்கடி ரத்தப் பரிசோதனையாம், எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றதை நானே ஊகித்துக்கொள்கிறேன். ராத்திரி மூன்று தடவை எழுந்து தரை துடைக்கிறீர்கள். சொந்தக்காரர் யாராவது "வயசான நாய்க்கு எதுக்கு இவ்வளவு செலவு" என்று ஆரம்பித்திருப்பார்.

நான் டாக்டர் இல்லை. வங்கியில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். எத்தனை மில்லிகிராம் என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்லவும் மாட்டேன். ஆனால் எங்கள் ரோஸியை நானே ஒருமுறை சாவின் விளிம்பு வரை கொண்டுபோனவன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ரோஸி டாஷ்ஹவுண்ட். ஒன்பது கிலோ. அப்போது அவளுக்கும் பத்து வயது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள், வயிறு பானை மாதிரி தொங்கியது, ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தாலும் மூச்சு வாங்கியது, முதுகில் முடி கொட்டியது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை என்பதால் இவளுக்கும் சர்க்கரைதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "அரிப்புக்குன்னு ரொம்ப நாளா மாத்திரை ஏதாவது கொடுக்கிறீங்களா?" பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டை மாதக்கணக்கில் கொடுத்தாலும் இதே தொந்தரவுகள் வருமாம். அப்படியானால் வழி வேறு: அந்த மாத்திரையைத் தடாலென்று நிறுத்தாமல், டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். உங்களிடம் இதைக் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் கொடுக்கவில்லை. ஒரு நாள் முழுக்க கிளினிக்கில் உட்கார்ந்து, ஒரு ஊசி போட்டு, எட்டு மணி நேரத்துக்குள் மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனில் சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரினல் சுரப்பி இரண்டுமே வீங்கியிருந்தன. அப்படியென்றால் கோளாறு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில். இந்த நோய் வரும் நாய்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் இந்த வகைதான். அங்கிருந்து வரும் கட்டளை அதிகமாகி, அட்ரினல் கார்ட்டிசாலை அளவில்லாமல் சுரக்கிறது. 1932ல் மனிதர்களிடம் இதை விவரித்து எழுதிய ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை மருத்துவரின் பெயர்தான் நோய்க்கு. என் மனைவிக்கு இன்று வரை அது குஷன் வியாதி.

கார்ட்டிசாலைக் குறைக்கக் கொடுத்த மாத்திரை ட்ரைலோஸ்டேன். கேப்சூலாக வரும். சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும். பிரித்துத் தூளாக்கக் கூடாது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. என் மகள் அப்போது மாசமாக வீட்டில் இருந்ததால் மாத்திரை டிபார்ட்மெண்ட் முழுக்க என்னுடையது. இட்லித் துண்டுக்குள் புதைத்துக் கொடுப்பேன், கையைக் கழுவுவேன்.

இனி என் முட்டாள்தனம். நாலாவது வாரப் பரிசோதனையில் கார்ட்டிசால் இன்னும் அதிகம் என்று டோஸைக் கொஞ்சம் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்து ஒரு காலை, ரோஸி தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். குஷிங்ஸ் நாய் என்றால் பசி பேயாய் பசிக்கும். சமையலறையில் டப்பா மூடி திறக்கும் சத்தத்துக்கு ஓடி வருகிறவள் அவள். நான் என்ன நினைத்தேன்? பரவாயில்லையே, மருந்து வேலை செய்கிறது, பசி அடங்கிவிட்டது! வாயைத் திறந்து மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளி, மூக்கைத் தடவி முழுங்க வைத்தேன். மத்தியானம் வாந்தி. சாயங்காலம் நிற்க முடியாமல் பின்னங்கால் நடுங்கியது. ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறியிருந்தது. கார்ட்டிசால் அதிகமாக இருந்த உடம்பில் அது அடியோடு குறைந்துவிட்டது. டிரிப்ஸ், ஊசி, இரண்டு ராத்திரி. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "சாப்பிடலைன்னா மாத்திரை இல்ல சார். நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணணும்" என்றார். இதையேதான் முதல் நாளே சொல்லியிருந்தார். வாந்தி, பேதி, சோர்வு எது வந்தாலும் அப்படித்தான். மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, பிறகு குறைந்த அளவில் ஆரம்பித்தோம்.

கண்காணிப்பு என்பது முக்கால்வாசி இப்படி வீட்டில் பார்ப்பதுதான். தண்ணீரை அளந்து வையுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அதிகம். ரோஸிக்கு அந்த வரம்பு 900 மில்லி. ஆரம்பத்தில் அவள் குடித்தது 1,500. எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் கட்டத்திலேயே மூலையில் "ரோ" என்று போட்டு தண்ணீர் கணக்கு எழுதினேன். ரிப்போர்ட்டோடு அந்தக் காலண்டரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போவேன். டாக்டரம்மா முதலில் அதைத்தான் விரிப்பார். இரண்டு வாரத்தில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. முடி வளர ஐந்து மாதம் ஆனது, வந்தது முன்பைவிடக் கறுப்பாக வந்தது.

பரிசோதனை நாளில் ஒரு விஷயம். எப்போதும் போல் சாப்பாட்டோடு மாத்திரை கொடுத்து, மணியைக் குறித்துக்கொண்டு, டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். எங்களுக்கு நாலு மணி நேரம். அங்கே ஒரு ரத்தம், அட்ரினலைத் தூண்டிவிடும் ஏ.சி.டி.எச் ஊசி, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். ஒரு தடவை லேபில் போனை எடுத்த பையன் "வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க" என்றான். நம்பிப் போனேன். பணம் தண்டம். மனிதர்களுக்கான சர்க்கரை டெஸ்ட் என்று நினைத்திருப்பான் போல. சிறுநீரிலும் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், வெளியே தெரியாமலே தொற்று வருமாம். டாஷ்ஹவுண்டின் வயிறு தரையிலிருந்து நாலு விரல்கடை உயரம். அதற்கு அடியில் எதை நீட்டுவது? கரண்டி நுழையவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடிதான் கைகொடுத்தது. தெருவில் குனிந்து மூடியோடு அவள் பின்னால் போன என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

சிரித்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் அடுக்குமாடி சங்கத்தார் அந்த மாதம்தான் லிஃப்டில் நாய் ஏறக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ராத்திரியில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒண்ணுக்குப் போகும் நாய், மூன்றாவது மாடி, எனக்கு மூட்டு வலி. லிஃப்டில் செல்ல நாய்களைத் தடுக்கக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செயலாளர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "உங்க பராமரிப்புத் தொகை இன்னும் வரலையே" என்றார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் எங்கேயாவது சொல்ல வேண்டுமே.

"இது வியாபாரம், நாட்டு மருந்து கொடுத்தாலே போதும்" என்று யாராவது வருவார்கள். அவர்களோடு சண்டைக்கு நான் இல்லை. தொந்தரவே தெரியாத நாய்க்கு உடனே மாத்திரை ஆரம்பிக்காமல் பொறுத்துப் பார்க்கும் டாக்டர்களும் உண்டு, அதுவும் தப்பில்லை. இது நோயைக் குணமாக்கும் மாத்திரையும் இல்லை, கட்டுக்குள் வைப்பது மட்டும்தான். ரோஸிக்கு இப்போது பன்னிரண்டரை வயது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறாள், பால்காரரைப் பார்த்து இன்னும் குரைக்கிறாள். இன்று தண்ணீர் 640.