தட்டு குறைய வேண்டாம், சோறு குறையட்டும்

கேள்வி: எனக்கு வயது 43. உயரம் 170 சென்டிமீட்டர், எடை 92 கிலோ. ஈரோட்டில் ஒரு நூற்பாலையில் கணக்கராக இருக்கிறேன். சிறு வயதிலிருந்தே தட்டு நிறையச் சாப்பிட்டால்தான் எனக்குச் சாப்பிட்டதுபோல் இருக்கும். மதியம் மூன்று முறை சோறு வாங்குவேன். எடையைக் குறைக்க 'பாதி சாப்பிடு', 'சின்னத் தட்டில் சாப்பிடு', 'இரவில் சப்பாத்திக்கு மாறு' என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாவற்றையும் முயன்றுவிட்டேன். நான்காம் நாள் இரவு பதினொரு மணிக்கு மிக்சர் டப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே எடை குறைய வழி உண்டா? ஞாயிற்றுக்கிழமை பிரியாணியையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: அந்த மிக்சர் டப்பாவைப் பற்றி நீங்களாவது ஒளிக்காமல் எழுதினீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் மூன்றாவது சந்திப்பில்தான் அதைச் சொல்வார்கள், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. மூன்று நாள் அரைவயிற்றோடு கிடந்த உடம்பு நான்காம் நாள் டப்பாவைத் தேடுவது இயல்பு. உங்களுக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வழி உண்டு. உங்களைப் போன்றவர்களுக்குச் சாப்பாட்டின் அளவைக் குறைக்கும் திட்டம் ஒத்துவராது. சாப்பாட்டின் எடையை அப்படியே வைத்துக்கொண்டு, வேண்டுமானால் கூட்டிக்கூட, அதற்குள் இருக்கும் கலோரியைக் குறைக்க வேண்டும்.

இரைப்பையின் சுவரில் விரிவை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. உணவு சேரச் சேர இரைப்பை விரியும். வேகஸ் நரம்பு அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும். உள்ளே வந்தது பூசணிக்காயா, பூரியா என்று அந்த முனைகளுக்குத் தெரியாது. எவ்வளவு இடத்தை அடைத்தது என்பது மட்டுமே தெரியும். உணவு சிறுகுடலை எட்டிய பிறகு கோலிசிஸ்டோகைனின், ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் சுரந்து, போதும் என்ற இரண்டாவது செய்தி போகிறது. அது முழுமையாகப் போய்ச் சேரக் கால்மணி நேரமோ இருபது நிமிடமோ ஆகும். எட்டு நிமிடத்தில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுபவருக்கு, அந்தச் செய்தி கை கழுவும் இடத்தில்தான் வந்து சேரும்.

முதல் செய்தியைக் குறைந்த கலோரியிலேயே வரவழைக்க முடியும் என்பதுதான் நமக்குக் கிடைக்கும் வழி. 100 கிராம் உணவில் எத்தனை கலோரி இருக்கிறது என்பதைக் கலோரி அடர்த்தி என்கிறோம். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4, தண்ணீரில் பூஜ்யம். ஆகவே நீர் மிகுந்த உணவின் அடர்த்தி குறைவு. வறண்டதும் எண்ணெய் குடித்ததும் அதிகம். 100 கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 15 கலோரி, வடித்த சோற்றில் 130, உங்கள் மிக்சரில் 500-க்கு மேல்.

அப்படியென்றால் சாப்பாட்டுக்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் போதுமே என்று தோன்றும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1999-இல் இதைச் சோதித்தார்கள். மெலிந்த உடல்வாகுள்ள 24 பெண்களுக்கு மதிய உணவுக்கு முன்னால் கோழிக்கறியும் அரிசியும் காயும் சேர்ந்த ஓர் உணவைக் கொடுத்தார்கள். ஒரு நாள் அதை மட்டும், ஒரு நாள் அதோடு ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு நாள் அதே தண்ணீரை அந்த உணவிலேயே ஊற்றிச் சூப்பாக. மூன்றிலும் கலோரி ஒன்றுதான். சூப் குடித்த நாளில்தான் அடுத்து வந்த மதிய உணவை அவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். பக்கத்தில் வைத்துக் குடித்த தண்ணீர் அந்த வேலையைச் செய்யவில்லை. தண்ணீர் உணவோடு கலந்திருந்தால்தான் நிறைவு வருகிறது. நம் வீட்டு ரசத்திலும் கூட்டிலும் தண்ணீர் அப்படித்தான் கலந்திருக்கிறது. அவற்றைச் சோற்றுக்குத் துணை என்று நினைப்பதை விட்டுவிட்டு, சோற்றை அவற்றுக்குத் துணையாக்குங்கள்.

உங்கள் மதியச் சாப்பாட்டை நான் ஊகித்துக் கணக்குப் போடுகிறேன். சோறு 500 கிராம், 650 கலோரி. சாம்பார் 200 கிராம், 130. உருளைக்கிழங்கு வறுவல் 100 கிராம், 200. பொரித்த அப்பளம் இரண்டு, 100. மேலே ஒரு மேசைக்கரண்டி நெய், 120. மொத்தம் 1,200 கலோரி. தட்டில் இருந்த எடை 835 கிராம்.

இப்போது மாற்றிப் பரிமாறுவோம். முதலில் நறுக்கிய வெள்ளரியும் தக்காளியும் 150 கிராம், 30 கலோரி. ஒரு பெரிய டம்ளர் மிளகு ரசம், 40. அதன்பின் சோறு 250 கிராம், 325. சுரைக்காயோ முருங்கைக்காயோ நிறையப் போட்ட சாம்பார் 250 கிராம், 160. புடலங்காய்–பாசிப்பருப்புக் கூட்டு ஒரு பெரிய கிண்ணம், 250 கிராம், 170. கடைசியில் நீர்மோர் ஒரு டம்ளர், 40. மொத்தம் 765 கலோரி. எடையோ 1,300 கிராம். முன்பைவிட ஒன்றரை மடங்கு அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள். கலோரியில் 400-க்கு மேல் குறைந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும், எண்களும் கொஞ்சம் மாறும். ஆனால் இடைவெளி இந்த அளவில்தான் இருக்கும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் தட்டில் பாதி காயும் பழமுமாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது.

வரிசையும் முக்கியம். அதே ரோல்ஸ் குழு 2004-இல் செய்த ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் 300 கிராம் பச்சைக்காய்க் கலவை சாப்பிட்டவர்கள், அந்தக் கலவையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 12 சதவீதம் குறைவான கலோரியே உண்டார்கள். அதே அளவு கலவையில் சீஸும் எண்ணெய் மிகுந்த குழம்பும் சேர்த்தபோது மொத்தக் கலோரி 17 சதவீதம் கூடிவிட்டது. காய் என்ற பெயர் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. கத்தரிக்காயை எண்ணெயில் மிதக்கவிட்டு 'காய்தானே' என்று சாப்பிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அது இடத்தை அடைக்காமல் கலோரியை ஏற்றுவதில் முதலிடம் பெற்றது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. இரண்டு இட்லியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். எதில் நீங்கள் வயிறு நிறைந்ததாக உணர்வீர்கள்? எங்கள் வீட்டில் அவ்வளவு சேர்ப்பதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அவர்களிடம் மளிகைச் சீட்டைக் கேட்பேன். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்கிறது என்றால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 38 கிராம், அதாவது சுமார் 345 கலோரி. அதை 3 லிட்டராக்கினால் 207. யாரும் ஒரு வாய்கூடக் குறைக்காமல் ஆளுக்கு 138 கலோரி போய்விட்டது. பாட்டிலிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஊற்றுங்கள். பொரியலுக்கான காயை முதலில் ஆவியிலோ கொஞ்சம் நீரிலோ வேகவைத்து, கடைசியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். கடுகும் கறிவேப்பிலையும் வாசனை தரும். அதற்கு எண்ணெய் கிண்ணக்கணக்கில் வேண்டியதில்லை.

சப்பாத்தி யோசனையை நான் ஏற்கவில்லை. அது கெட்ட உணவு அல்ல. உங்களுக்குப் பொருந்தாத உணவு. 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் எண்ணெய் இல்லாமலே 100 கலோரி வரும், கையில் எடுத்தால் கனமே இருக்காது. எடைக்கு எடை பார்த்தால் சோற்றைவிட இரண்டு மடங்கு அடர்த்தி. தட்டு நிறைய வேண்டும் என்கிற உங்களுக்கு இரண்டு சப்பாத்தி எந்த மூலைக்கு? ஐந்தாறு சாப்பிட்டு, அதற்கு எண்ணெய் மிதக்கும் குருமாவும் தொட்டுக்கொண்டால் சோறே தேவலை. சிறுதானியங்களுக்கும் இதே எச்சரிக்கை. பச்சை அரிசியோ, வரகோ, கேழ்வரகோ, 100 கிராம் தானியத்தில் ஏறக்குறைய 320 முதல் 360 கலோரிதான். தினையில் செய்த பொங்கலில் நெய்யை ஊற்றிவிட்டு இளைக்கக் காத்திருப்பவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். தானியத்தை மாற்றுவதைவிட அதில் சேரும் நீரையும் காயையும் கூட்டுவதே உங்களுக்கு உதவும். 60 கிராம் ரவையில் 250 கிராம் கேரட், பீன்ஸ், பட்டாணி, முட்டைகோஸ் போட்டுக் கிச்சடி செய்து பாருங்கள். ஒரு பெரிய தட்டு நிறையும்.

உருளைக்கிழங்கை நம் ஊரில் தேவையில்லாமல் குற்றவாளியாக்கிவிட்டார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தின் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 1995-இல் 38 உணவுகளை, ஒவ்வொன்றிலும் 240 கலோரி வருமாறு அளந்து கொடுத்து, எது அதிக நேரம் நிறைவு தருகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்தபோது வேகவைத்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடத்தில் நின்றது. வெண்ணெய் அடுக்கிச் சுடும் குவாசான் ரொட்டி 47-உடன் கடைசியில். அவித்த கிழங்கில் 100 கிராமுக்கு 87 கலோரி. அதையே மெல்லிய சீவல்களாகப் பொரித்தால் 500-ஐத் தாண்டும். நீர் வெளியேறிய இடத்தில் எண்ணெய் குடியேறுகிறது, அவ்வளவுதான். சர்க்கரை நோய் இருந்தால் கிழங்கின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவால் வரும் நிறைவு சீக்கிரம் வரும், சீக்கிரம் போய்விடவும் செய்யும். அதை மாலைவரை பிடித்துவைக்க ஒவ்வொரு வேளையும் புரதம் வேண்டும்: ஒரு கிண்ணம் சுண்டல், இரண்டு அவித்த முட்டை, குழம்பில் போட்ட மீன், கெட்டிப் பருப்பு, ஏதோ ஒன்று. மேலே சொன்ன மதியத் தட்டில் கூட்டில் உள்ள பருப்பு போதவில்லை என்றால் முட்டை ஒன்றைச் சேருங்கள். 75 கலோரிக்குள்தான் கூடும்.

மாலை ஐந்து மணியைக் கவனியுங்கள், உங்கள் இரவு பதினொரு மணி அங்கேதான் தொடங்குகிறது. ஆலையில் நாளுக்கு எத்தனை டீ? பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த டீயில் சுமார் 100 கலோரி. நான்கு டீ என்றால் 400, ஆனால் பசி அடங்கியிருக்காது. சர்க்கரையைப் பாதியாக்குங்கள், இரண்டு டீயை விட்டுவிட்டு ஒரு கொய்யாவோ ஒரு தட்டுத் தர்ப்பூசணியோ சாப்பிடுங்கள். பழச்சாறு வேண்டாம், பழத்தை மென்று சாப்பிட்டால் கிடைக்கும் நிறைவு சாற்றில் கிடைக்காது. இரவில் கட்டாயம் எதையாவது கொறிக்க வேண்டுமென்றால் பொரியை வாங்கி வையுங்கள். 30 கிராம் பொரி ஒரு பெரிய கிண்ணத்தை நிறைத்துவிடும், 120 கலோரிதான். இங்கே தண்ணீருக்குப் பதில் காற்று இடத்தை அடைக்கிறது. வெங்காயம், தக்காளி, வெள்ளரி, எலுமிச்சை சேர்த்தால் அது ஒரு சிறு சாப்பாடு. மிக்சர் டப்பாவை வாங்காமல் இருப்பது, வாங்கி வைத்துக்கொண்டு தொடாமல் இருப்பதைவிட எளிது.

முதல் பத்து நாள் ஒரு குறை தெரியும். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் 'கனம்' இருக்காது. நிறையச் சோறு சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கவைக்கும் அந்த மந்தத்தைத்தான் பல ஆண்டுகளாக நிறைவு என்று பழகியிருக்கிறீர்கள். ஆகவே சோற்றை ஒரே நாளில் பாதியாக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் இரண்டு கரண்டி கூட்டு வையுங்கள். நார்ச்சத்து திடீரென்று கூடினால் வயிறு உப்பும், முட்டைகோஸும் பயறும் சத்தமும் எழுப்பும். மெல்ல ஏற்றினால் குடல் பழகிக்கொள்ளும்.

பலரும் மறந்துவிடும் ஒன்று உப்பு. ரசமும் சாம்பாரும் மோரும் இரண்டு மடங்கானால் உப்பும் இரண்டு மடங்காகும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. உங்கள் வயதில் இரத்த அழுத்தம் எட்டிப்பார்க்கும் காலம். மோரில் உப்புக்குப் பதில் இஞ்சி, பெருங்காயம், மல்லித்தழை போடுங்கள். ரசத்தில் புளியும் மிளகும் முன்னால் நிற்கட்டும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், சோற்றைக் குறைப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கீரையும் காயும் இந்த அளவுக்குக் கூடாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் ஒரே வேளையில் வயிற்றை நிரப்பாமல் பிரித்துச் சாப்பிட வேண்டும். வயிறு நிறைந்து வலிக்கும்போதும் நிறுத்த முடியவில்லை, பிறகு குற்றவுணர்வில் தவிக்கிறீர்கள் என்றால் அது வேறு விஷயம். கூட்டும் ரசமும் அதற்கு மருந்தல்ல, மனநல மருத்துவர் உதவுவார்.

பிரியாணியை விட வேண்டாம். இரண்டு தட்டு ஒரு தட்டாகட்டும், கறித்துண்டுகளை விட்டுவிடாதீர்கள். கூடவே வெங்காயமும் வெள்ளரியும் போட்ட தயிர்ப்பச்சடி ஒரு சின்னக் கரண்டி தருவார்களே, அது போதாது. வீட்டிலேயே அரை லிட்டர் கிண்ணம் நிறையச் செய்து, பிரியாணி வருவதற்கு முன் பாதியைக் காலி செய்துவிடுங்கள். அதன்பிறகு நிதானமாக இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள். குளிர்பானம் வேண்டாம்.