இலியோஸ்டமி பையோடு ராத்திரி எப்படித் தூங்குவது? இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடலாமா?

இலியோஸ்டமி அறுவை சிகிச்சை (சிறுகுடலின் நுனியை வயிற்றுத் தோல் வழியாக வெளியே எடுத்து, மோஷனைப் பையில் பிடிப்பது) முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், தூக்கத்தில் பை நிறைந்து கழன்றுவிடுமோ என்ற பயத்தில் கண்ணே மூட முடியவில்லை, அதனால் சாயங்காலத்துக்கு மேல் சாப்பாடு தண்ணீர் இரண்டையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

எனக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ் (பெருங்குடல் புண்ணாகும் நோய்) முற்றிப்போய்ப் பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். நிரந்தர இலியோஸ்டமி. நான் டாக்டர் இல்லை, பையோடு குடித்தனம் நடத்துகிறவன், அவ்வளவுதான்.

பட்டினி கிடந்தால் பை காலியாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் சிறுகுடலுக்கு லீவே கிடையாது. சாப்பிடாவிட்டாலும் இரைப்பை நீர், பித்த நீர், கணைய நீர் எல்லாம் சுரந்துகொண்டேதான் இருக்கும், கூடச் சேர்ந்து கெட்டிப்பட எதுவும் இல்லாததால் அது பச்சையும் மஞ்சளுமாகத் தண்ணீராக வரும், காற்றும் அதிகம். பையைத் தோலோடு ஒட்டிப் பிடிக்கும் பிளேட்டின் ஓரத்தில் முதலில் ஊடுருவிப் போவது இந்தத் தண்ணீர்தான். அதோடு, ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சித் தந்துகொண்டிருந்த பெருங்குடல் இப்போது நமக்கு வேலை செய்யவில்லை. குடிப்பதையும் குறைத்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும். அதற்குப் பை நிறைவதே மேல்.

மாற்ற வேண்டியது நேரத்தை. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட்டால், சாப்பிட்டதும் வரும் பெரிய வரத்து நீங்கள் விழித்திருக்கும்போதே பைக்கு வந்துவிடும். படுக்க மூன்று நான்கு மணி நேர இடைவெளி இருந்தால் போதும். குழைந்த தயிர் சாதம், இட்லி, ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம், இவை மோஷனைக் கெட்டியாக்கும். பாயசமும் ஜூஸும் குடலுக்குள் தண்ணீரை இழுத்து நீர்க்க வைக்கும். சுண்டல், முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், சோடா எல்லாம் காற்று. எனக்கு ராத்திரியில் மோஷனைவிடக் காற்றுதான் பெரிய தொல்லை, பை பூரி மாதிரி உப்பி நிற்கும். பையின் மேல்பக்கம் இருக்கும் சின்ன ஃபில்டர் கொஞ்சம் ஈரம் பட்டாலே அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை முழுக்க நம்பாதீர்கள்.

தண்ணீரைப் பகலில் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். வரத்து அதிகமான நாளில் வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று ஊற்றினால் அது உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும், அன்றைக்கு ஓஆர்எஸ் பொடிதான் சரி, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து. டெட்ரா பேக்கில் வருகிற இனிப்புத் தண்ணீர் அதற்கு மாற்று இல்லை.

அப்புறம், ராத்திரி முழுக்க ஒரே மூச்சாகத் தூங்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். படுக்கும் முன் பையில் கொஞ்சம்தான் இருந்தாலும் காலி செய்துவிட்டு, இரண்டு இரண்டரைக்கு ஒரு அலாரம் வையுங்கள். நீங்களாக எழுந்திருப்பது வேறு, சட்டை நனைந்து எழுந்திருப்பது வேறு. அலாரம் இருக்கிறது என்று தெரிந்ததும் மனசு அடங்கி அதுவரைக்குமாவது நிஜமாகத் தூங்கும். பை மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி நிறைவதற்குள் காலி செய்யணும், அதற்கு மேல் போனால் எடை பிளேட்டை இழுக்கும். போகப் போக அலாரம் தேவைப்படாது, சிறுநீர் கழிக்க எழும்போதே பையையும் பார்த்துவிட்டு வந்து படுப்பீர்கள்.

நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு இந்தியன் டாய்லெட்டில் குந்தி உட்கார்ந்து காலி செய்வது, அதுவும் வயிற்றுத் தையலோடு, வதைதான். நான் கைப்பிடி வைத்த ஒரு பிளாஸ்டிக் ஜக்கைக் குளியலறையில் தனியாக வைத்திருக்கிறேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஸ்டூலில் உட்கார்ந்து, பை வாயை முதலில் மேல்நோக்கிப் பிடித்து வெல்க்ரோவைப் பிரித்து, ஜக்குக்குள் இறக்கினால் தெறிக்காது. முடிந்ததும் பை வாயின் உள்விளிம்பை டிஷ்யூவால் துடைக்காமல் மூடினால் நாற்றம் அங்கிருந்துதான் வரும். பை நாறுகிறது என்று புலம்புகிறவர்கள் பாதிப்பேர் இந்த விளிம்பை விட்டவர்கள். ஜக்கில் அளவுக் கோடு இருந்தால் இன்னும் நல்லது: பழகின இலியோஸ்டமிக்கு ஒரு நாளைக்கு 500 முதல் 800 மில்லி வரை சாதாரணம், ஒன்றரை லிட்டரைத் தாண்டிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வரத்தைக் குறைக்கும் லோபிரமைடு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும் படுக்கும் முன்பும் போடச் சொல்வார்கள். அளவை அவர்தான் சொல்லணும், அளவு மீறினால் இதயத் துடிப்பையே தொந்தரவு செய்யும் மருந்து அது.

படுக்கை விஷயம். மல்லாந்தோ ஒருக்களித்தோ படுங்கள், வயிற்றுக்கு முன்னால் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் தூக்கத்தில் குப்புறப் புரள மாட்டீர்கள். லுங்கி முடிச்சும் பாவாடை நாடாவும் ஸ்டோமாவுக்கு, அதாவது வெளியே தெரியும் குடல் நுனிக்கு, குறுக்கே வரவே கூடாது, மோஷன் கீழே இறங்க வழியில்லாமல் பிளேட்டுக்கு அடியில் புகுந்துவிடும். விரிப்புக்குக் கீழே குழந்தைகளுக்குப் போடுகிற ரப்பர் ஷீட். பாயில் படுக்கிறவர்கள் முதல் சில மாதத்துக்குக் கட்டிலுக்கு மாறிவிடுவது நல்லது, தரையிலிருந்து வயிற்றை எக்கி எழுவது ஹெர்னியாவுக்கு அழைப்பு.

இவ்வளவு செய்தும் வாரத்தில் பாதி நாள் கசிந்தால் கோளாறு ராத்திரியில் இல்லை, பிளேட்டில் இருக்கிறது. அறுவைக்குப் பின் ஆறு எட்டு வாரத்தில் ஸ்டோமா சுருங்கும், ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த அளவிலேயே துளை போட்டுக்கொண்டிருந்தால் சுற்றிலும் தோல் வெந்துவிடும், வெந்த தோலில் எதுவும் ஒட்டாது. மறுபடி அளந்து, ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். ஸ்டோமா வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் தோலோடு படிந்திருந்தால் நர்ஸிடம் கான்வெக்ஸ் பிளேட் (தோல் பக்கம் புடைத்திருப்பது) கேளுங்கள். (1952-இல் பிரையன் ப்ரூக் என்ற ஆங்கிலேய டாக்டர் குடல் நுனியைச் சட்டைக் கையை மடிக்கிற மாதிரி வெளிப்பக்கம் மடித்துத் தைக்கும் முறையை எழுதினார், நம்முடையது குழாய் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அவர்தான்.) எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று அந்த இடத்தில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. பிளேட் மாற்ற நல்ல நேரம் காலை, காபி குடிப்பதற்கு முன்.

பிளேட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ வந்தால் மணி மூன்றானாலும் எழுந்து மாற்றிவிடுங்கள். மேலே பிளாஸ்டர் ஒட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தால் மோஷன் தோல்மேலேயே விடியும்வரை கிடக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: நான்கைந்து மணி நேரமாகப் பையில் ஒன்றுமே விழவில்லை, வயிறு முறுக்கி வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றால் அது அடைப்பாக இருக்கலாம். தேங்காய்ச் சில்லு, சோளம், காளான், முருங்கைச் சக்கை இதெல்லாம் செய்கிற வேலை. பை காலியாக இருக்கிறதே என்று நிம்மதியாகப் படுக்காமல் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாற்றுப் பையும் பிளேட்டும் கத்தரிக்கோலும் நீங்களே எடுத்துப் போங்கள், உங்கள் அளவு எமர்ஜென்சியில் இருக்காது.