ஒளிரும் காயலில் இரவு நீச்சல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரவில் ஒளிரும் காயல்களில் இறங்கி நீந்துவது குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: விடுமுறையில் கரீபியத் தீவுகளுக்குச் செல்லவிருக்கிறோம். மாலை மங்கியபின் ஒளிரும் காயலில் நீந்த வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. ஜமைக்காவுக்குச் செல்வதா, போர்ட்டோ ரிக்கோவுக்குச் செல்வதா என்று முடிவு செய்ய இயலவில்லை. எந்த மாதம் உகந்தது?

பதில்: பார்ப்பது வேறு, நீந்துவது வேறு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் மிகுந்த புகழ்பெற்ற இடத்தில் நீந்த அனுமதி இல்லை. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வியேக்கெஸ் தீவிலுள்ள மொஸ்கிட்டோ விரிகுடா, உலகிலேயே மிகப் பிரகாசமாக ஒளிரும் விரிகுடா என்று கின்னஸ் பதிவு பெற்றது. அங்கே துடுப்புப் படகில் சென்று பார்க்கலாமே தவிர, நீரில் இறங்கக் கூடாது. ஃபஹார்டோ நகரையொட்டிய லகூனா கிராண்டேயிலும் இதே தடை நடைமுறையில் உள்ளது. போர்ட்டோ ரிக்கோவிலேயே நீந்த விரும்புகிறவர்கள் தென்மேற்குக் கரையிலுள்ள லா பர்கேராவுக்குச் செல்கிறார்கள். ஆனால் நெடுங்காலமாக இயந்திரப் படகுகள் சென்றுவரும் அவ்விடத்தின் ஒளி, மற்ற இரண்டையும் விட மங்கலானது.

ஜமைக்காவில் ஃபால்மத் நகருக்கு அருகே, மார்த்தா பிரே ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள ஒளிக்காயலில் படகை நிறுத்திப் பயணிகளை நீரில் இறங்க விடுகிறார்கள். ஆற்றின் நன்னீர் மேலேயும் கடலின் உப்புநீர் கீழேயும் அடுக்காக நிற்பதால், இறங்கியவுடன் தோளில் குளிர்ச்சியும் காலில் வெதுவெதுப்பும் ஒரே நேரத்தில் தெரியும். அடித்தளம் மென்மையான சேறு என்பதால் காலை ஊன்றி நிற்க முயலாமல் மிதந்துகொண்டிருப்பதே வசதி. உங்கள் கணவரின் ஆசைக்கு ஜமைக்காவே பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

மாதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாங்களோ திதியைப் பார்க்கச் சொல்வோம். வெப்பமண்டலக் காயல்கள் ஆண்டு முழுவதும் ஒளிர்கின்றன. ஜூன் முதல் நவம்பர் வரையிலான புயல் பருவத்தைத் தவிர்த்தால் போதும். 2017 செப்டம்பரில் வீசிய மரியா புயலுக்குப் பின் மொஸ்கிட்டோ விரிகுடா பல மாதங்கள் இருண்டு கிடந்து பின்னரே மீண்டது. நிலவின் கணக்கோ ஒவ்வொரு இரவும் மாறுவது. மாலையில் நீந்த விரும்புகிறவர்களுக்கு வளர்பிறை உதவாது, ஏனெனில் அப்போது சூரியன் மறையும் நேரத்தில் நிலவு ஏற்கெனவே வானில் இருக்கும். பௌர்ணமி கழிந்தபின் நிலவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடங்கள் தாமதமாக எழுவதால், நான்காம் ஐந்தாம் நாளிலிருந்து அமாவாசை வரையிலும், அதற்கடுத்த ஓரிரு நாள்களிலும், முன்னிரவு முழு இருளாக அமையும். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே நாள்காட்டியைப் பார்த்துவிடுங்கள். தவறான இரவில் மிகச் சிறந்த காயலுக்குச் செல்வதை விட, சரியான இரவில் நடுத்தரமான காயலுக்குச் செல்வதே மேல்.

கேள்வி: நீரில் ஒளிர்வது எது? நாம் கையால் துழாவும்போது மட்டும் அது ஒளிர்வதற்குக் காரணம் என்ன? நாம் நீந்துவதால் அந்த உயிர்கள் மடிந்துவிடாதா?

பதில்: மேற்சொன்ன காயல்களில் ஒளிர்வது பைரோடினியம் பகாமென்ஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி. பகாமாஸ் தீவுகளில் கண்டறியப்பட்டு 1906ஆம் ஆண்டு முதன்முதலாக விவரிக்கப்பட்டதால் இப்பெயர் பெற்றது. பகலில் தாவரத்தைப் போலச் சூரிய ஒளியிலிருந்து தனக்கான ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளும் இவ்வுயிரி, தனித்தனியே வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் ஒரு லிட்டர் நீரில் பல்லாயிரக்கணக்கில் பெருகியிருப்பதால் கை அசைந்த தடமெல்லாம் ஒளிக்கோடாகிறது. அது இவ்வளவு அடர்த்தியாகச் சேர்வதற்கு இடத்தின் அமைப்பே காரணம். கடலோடு இணையும் வாய் குறுகலாக இருப்பதால் நீர் எளிதில் வெளியேறுவதில்லை. சுற்றியுள்ள அலையாத்திக் காடுகளின் உதிர்ந்த இலைகள் மக்கி ஊட்டம் தருகின்றன. ஆழம் குறைந்த நீர் வெப்பத்தைத் தக்கவைக்கிறது. இவற்றில் ஒன்று குலைந்தாலும் ஒளி மங்கிவிடும்.

துழாவினால் மட்டும் ஒளிர்வதேன் என்ற கேள்வி நுட்பமானது. நீரோட்டத்தின் உராய்வு செல்லின் மேற்பரப்பை அழுத்தும்போது ஒரு மின்துடிப்பு எழுந்து, செல்லுக்குள் உள்ள நுண்ணிய ஒளிப்பைகளில் அமிலத்தன்மையைத் திடீரென உயர்த்துகிறது. அதுவரை ஒரு புரதத்தால் கட்டிவைக்கப்பட்டிருந்த லூசிஃபெரின் என்னும் பொருள் அப்போது விடுபட்டு, லூசிஃபெரேஸ் என்னும் நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் வினைபுரிய, ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடி நேரம் நீலநிற ஒளி வெளிப்படுகிறது. இதில் வெப்பம் ஏறக்குறைய இல்லை என்பதால், ஒளிரும் நீரைக் கையில் ஏந்தினால் சூடு தெரியாது. நீங்கள் அசையாமல் மிதந்தால் சுற்றிலும் இருள் சூழ்ந்துவிடும். ஒரு மீன் குறுக்கே பாய்ந்தால் அதன் தடம் மட்டும் கீறலாகத் தெரியும்.

உயிரிக்கு இதனால் என்ன பயன் என்பதற்கு அறிவியலாளர்கள் பரவலாகக் கூறும் விளக்கம் சுவையானது. தன்னைத் தின்னவரும் சிற்றுயிர் நெருங்கும்போது திடீரென மின்னி அதைத் திடுக்கிடச் செய்வது ஒரு பயன். அந்தச் சிற்றுயிர் இருக்கும் இடத்தைப் பெரிய மீன்களுக்குக் காட்டிக்கொடுத்து அதையே இரையாக்கிவிடுவது மற்றொன்று. ஆக, நீந்துபவரைச் சூழ்ந்து எழும் அந்த ஒளி வரவேற்பல்ல, அபாய அறிவிப்பு.

பகலில் நீரை இருட்டறைக்குள் கொண்டுசென்று கலக்கினாலும் ஒளி மிகக் குறைவாகவே வரும். பீட்ரிஸ் ஸ்வீனி, உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் இதற்கு நெருங்கிய மற்றோர் ஒற்றைச் செல் உயிரியை 1950களில் ஆராய்ந்தபோது, தொடர்ந்து மங்கிய ஒளியிலேயே வைத்திருந்தாலும் அது ஏறத்தாழ ஒரு நாள் சுழற்சியில் ஒளிரும் திறனைக் கூட்டியும் குறைத்தும் வருவதைக் கண்டார்கள். ஒரே செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது முக்கியமான சான்றாயிற்று.

இனி, நீந்துவதால் தீங்கு உண்டா என்பதற்கு வருவோம். ஒருமுறை மின்னியதால் அந்த உயிரி இறந்துவிடுவதில்லை. ஆனால் ஓர் இரவில் அது மின்னக்கூடிய அளவுக்கு வரம்பு உண்டு. இடைவிடாமல் கலக்கப்பட்ட நீர் மங்கிப்போகும், மறுநாள் சூரிய ஒளி பெற்ற பின்னரே தேறும். உண்மையான தீங்கு நம் அசைவை விட, நம் தோலில் பூசியிருக்கும் பொருள்களால் வருகிறது. கொசுவிரட்டிக் களிம்பும் வெயில்காப்புக் களிம்பும் வாசனைத் தைலங்களும் நீரில் கரைந்து இவ்வுயிர்களைப் பாதிக்கின்றன. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் மூழ்கி எழும் ஒரு சிறிய காயலில் அவை என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால், சில இடங்களில் நீச்சல் தடை செய்யப்பட்டதன் நியாயம் விளங்கும். எனவே புறப்படும் முன் சோப்பிட்டு நன்றாகக் குளித்துவிட்டுச் செல்லுங்கள். அலையாத்திக் காட்டில் கொசுக்கடி இருக்கத்தான் செய்யும். அதற்குக் களிம்பை நாடாமல், முழுக்கை நீச்சலுடையை அணிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: படங்களில் நீர் முழுவதும் மின்விளக்கு எரிவதைப் போல நீலமாகத் தெரிகிறது. நேரில் சென்று வந்த நண்பர், சாம்பல் நிறத்தில் சிறிது மினுமினுப்பைத்தான் பார்த்தேன் என்கிறார். எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மைதான். படக்கருவி பல நொடிகள் தன் கண்ணைத் திறந்துவைத்து, நூற்றுக்கணக்கான மின்னல்களை ஒரே படத்தில் சேர்த்துவிடுகிறது. நம் கண்ணோ அவற்றை ஒவ்வொன்றாகவே பார்க்கிறது. அதோடு, மங்கிய ஒளியில் செயல்படும் விழித்திரைச் செல்கள் நிறத்தைப் பிரித்தறிவதில்லை. ஆகையால் ஒளி வலுவாக இருந்தால் நீலமாகவும், மெலிந்தால் வெளிறிய வெண்மையாகவும் தோன்றும். விளம்பரப் படங்கள் இதைச் சொல்வதில்லை. பயண நிறுவனங்கள் சொல்லிவிட்டால் ஏமாற்றங்கள் பாதியாகக் குறையும்.

உங்கள் நண்பர் நிலவுள்ள இரவில் சென்றிருக்கலாம். அல்லது படகில் அமர்ந்து கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டே போயிருக்கலாம். கண் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் தேவைப்படுகின்றன. இடையில் ஒருமுறை வெண்ணிற ஒளியைப் பார்த்துவிட்டால் அந்தப் பழக்கம் கலைந்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து காத்திருக்க வேண்டும். பின்னாளில் அப்போலோ 13 விண்கலத்துக்குத் தலைமை ஏற்ற ஜிம் லவல், 1950களில் கடற்படை விமானியாக ஜப்பானையொட்டிய கடற்பரப்பில் இரவில் பறந்தபோது, தாம் இறங்க வேண்டிய விமானந்தாங்கிக் கப்பலைக் காணாமல் தவித்தார். மின்கோளாறால் விமான அறையின் விளக்குகள் அணைந்த பிறகுதான், கப்பல் சென்ற தடத்தில் இத்தகைய நுண்ணுயிர்கள் ஒளிர்வது அவர் கண்ணுக்குப் புலப்பட்டு, அதைப் பின்பற்றிக் கப்பலை அடைந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தவரை அந்தத் தடம் கீழேதான் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே கைப்பேசியைக் கரையிலேயே வைத்துவிட்டு, படகு சென்றடையும் வரை கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். நீரில் இறங்கியபின் வேகமாக அடித்து நீந்துவதால் நுரைதான் கண்ணை மறைக்கும். விரல்களை விரித்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கையை மெதுவாக வீசிப் பாருங்கள். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனித் தடம் தெரியும். நீந்துபவரை விடப் படகில் இருந்து அவரைப் பார்ப்பவருக்கே முழு உருவமும் ஒளிவடிவாகத் தெரியும் என்பதால், இருவர் சென்றால் மாறிமாறி இறங்குவது நல்ல ஏற்பாடு.

கேள்வி: எங்கள் மகளுக்குப் பத்து வயது, நீச்சல் ஓரளவுதான் தெரியும். அவளை இறக்கலாமா? அந்த நீரில் நச்சு உண்டா?

பதில்: மிதவைச் சட்டை அணிந்து, பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தால் இறக்கலாம். இருளில் ஒரு குழந்தை ஓசையின்றி விலகிச் சென்றுவிடுவது எளிது. ஒளி அசைவைக் காட்டுமே தவிர, அசையாதவரைக் காட்டாது என்பதை மறந்துவிடாதீர்கள். அச்சம் தெரிவித்தால் வற்புறுத்த வேண்டாம். படகின் விளிம்பிலிருந்து கையை நனைத்தாலே அவளுக்குப் போதுமான வியப்பு கிடைக்கும்.

நச்சைப் பொறுத்தவரை, பைரோடினியம் சில இடங்களில் சாக்சிடாக்சின் என்னும் நரம்பு நச்சை உண்டாக்குவது உண்மை. ஆனால் அது நீந்துபவரின் தோல் வழியாகத் தாக்குவதாக அஞ்ச வேண்டியதில்லை. அந்நீரில் வளர்ந்த சிப்பிகளையும் மட்டிகளையும் உண்பதுதான் ஆபத்து, சமைத்தாலும் அந்த நச்சு அழியாது. வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் வாழக்கூடும் என்பதால், ஆறாத புண்ணோ வெட்டுக்காயமோ உள்ளவர்கள் இறங்கவே கூடாது; கல்லீரல் நோயுள்ளவர்களும் நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். நீரை விழுங்காமல் இருப்பதும், கரை திரும்பியதும் நன்னீரில் குளிப்பதும் எல்லோருக்கும் பொது. சொறிமீன்களோ முதலைகளோ நடமாடும் காலமா என்பதைப் படகோட்டியிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மேல் வாதிட வேண்டாம்.

கேள்வி: காயல் அல்லாத கடற்கரைகளிலும் சில இரவுகளில் அலைகள் நீலமாக ஒளிர்வதாகச் செய்தி வருகிறதே, அதில் நீந்தலாமா?

பதில்: அது பெரும்பாலும் நாக்டிலூக்கா என்னும் வேறோர் உயிரி. நிலையாக ஓரிடத்தில் தங்காமல், ஊட்டம் மிகுந்த நீரில் திடீரெனப் பெருகி, சில நாள்களிலோ வாரங்களிலோ மறைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்து ஏரிகளில் 2008–09 கோடையில் இது ஒளிர்ந்தபோது, முந்தைய ஆண்டுகளின் காட்டுத்தீயும் அதைத் தொடர்ந்த வெள்ளமும் சாம்பலையும் மண்ணையும் ஏரிகளில் கொண்டுவந்து சேர்த்ததே காரணமாகக் கூறப்பட்டது. நாக்டிலூக்கா அமோனியாவைத் தன்னுள் சேர்த்துவைப்பது. அடர்த்தியாக இருக்கும்போது தோலில் எரிச்சல் தரக்கூடும். பகலில் நீர் செந்நிறமாகவோ பழுப்பாகவோ படலம் கட்டியிருந்தால் அன்றிரவு கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

கேள்வி: ஒளிரும் நீரைப் புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: வேண்டாம். பாதுகாக்கப்பட்ட காயல்களில் அதற்கு அனுமதி இருக்காது. கொண்டுவந்தாலும் வெப்பமும் ஊட்டமும் மாறியதால் சில நாள்களில் மடிந்துவிடும். வீட்டில் பார்க்கத்தான் வேண்டும் என்றால், பள்ளி ஆய்வகங்களுக்காக வளர்த்து விற்கப்படும் பைரோசிஸ்டிஸ் என்னும் இனத்தை வாங்கலாம். அறை வெப்பத்தில், நேர்வெயில் படாத இடத்தில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வெளிச்சமும் 12 மணி நேரம் இருளும் கிடைக்கும்படி வைத்து, இருட்டியபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் புட்டியை மெதுவாகச் சுழற்றினால் ஒளிரும். ஓர் இரவில் பலமுறை குலுக்கினால் மங்கிவிடும் என்பதைக் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.