அச்சில் படம் மங்குவது ஏன்? பிக்சல், டிபிஐ, கோப்பின் அளவு

கேள்வி: கைபேசியில் எடுத்த குடும்பப் படம் ஒன்றைச் செய்திச் செயலி வழியாகத் தம்பிக்கு அனுப்பினேன். என்னிடம் அது 4000 × 3000 பிக்சல், 4 எம்பி. அவனுக்குக் கிடைத்தது 1600 × 1200 பிக்சல், 300 கேபி. ஏ4 தாளில் அச்சிட்டபோது முகங்கள் மங்கிவிட்டன. மென்பொருளில் 72 என்றிருந்த டிபிஐயை 300 ஆக மாற்றியும் கோப்பின் அளவு கூடவில்லை, அச்சும் தெளியவில்லை. ஏன்?

பதில்: விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. உங்களிடம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் நிறப் புள்ளிகள், இருந்தன; தம்பியின் கைக்குப் போய்ச் சேர்ந்தவை 19 லட்சத்து 20 ஆயிரம், அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. விரைவாக அனுப்புவதற்காகச் செயலி படத்தைச் சுருக்கிவிட்டது.

டிஜிட்டல் படத்துக்குள் இருப்பவை பிக்சல்கள்தாம். அங்குலக் கணக்கு தாளுக்குப் போகும்போதுதான் வருகிறது. டிபிஐ என்று கோப்பில் எழுதப்பட்டிருக்கும் எண், இந்தப் பிக்சல்களை ஓர் அங்குலத்துக்கு எத்தனை வீதம் பரப்பலாம் என்று அச்சுக்குச் சொல்லும் ஒரு குறிப்பு. அதே 1600 பிக்சலை 72 வீதம் பரப்பினால் 22 அங்குல அகலம் கிடைக்கும், 300 வீதம் பரப்பினால் 5.3 அங்குலம் கிடைக்கும். நீங்கள் குறிப்பை மட்டும் மாற்றினீர்கள், ஒரு பிக்சல்கூடக் கூடவில்லை. ஆகவே கோப்பின் அளவு அப்படியே இருந்தது. அச்சிடும்போது மறுபடியும் ஏ4 தாள் முழுவதற்கும் விரித்திருப்பீர்கள். 11.7 அங்குல நீளத்துக்கு 1600 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 137தான் வரும். மூலப் படத்தில் அதுவே 342. கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு 300 என்பது பொதுவான அளவுகோல். சில மென்பொருள்கள் டிபிஐயைக் கூட்டும்போது பிக்சல்களையும் கூட்டித் தரும். ஆனால் அவை பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணித்து நிரப்பியவை, கேமரா கண்டவை அல்ல.

எம்பி கணக்கு வேறு. ஒரு பிக்சலின் நிறத்தைக் குறிக்கப் பொதுவாக 3 பைட்டுகள் வேண்டும். அப்படியானால் உங்கள் மூலப் படம் 36 எம்பி இருந்திருக்க வேண்டும். அதை 4 எம்பிக்குள் அடக்கியது ஜேபெக் (JPEG) என்னும் படச் சுருக்க முறை. அது படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழிக்கிறது. நிற வேறுபாட்டைவிட ஒளி வேறுபாட்டையே நம் கண் கூர்ந்து காண்பதால், நிறத் தகவலைக் கூடுதலாகக் குறைக்கிறது. தெளிந்த வானம் எளிதில் சுருங்கிவிடும். இலை அடர்ந்த மரம் அவ்வளவு எளிதில் சுருங்காது. எனவே ஒரே பிக்சல் எண்ணிக்கை கொண்ட இரு படங்களில் ஒன்று 2 எம்பியும் மற்றொன்று 6 எம்பியும் இருக்கலாம். அதைக் கொண்டு தரத்தை எடைபோடாதீர்கள். அதிகம் சுருக்கிய படத்தைப் பெரிதாக்கி, முகத்தின் ஓரத்தைப் பாருங்கள்: அந்தக் கட்டங்கள் சிறு சதுரங்களாகவே தெரியும். திருத்தித் திருத்தி ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த இழப்பு தொடரும் என்பதால், மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்வதே நல்லது. எழுத்தும் கோடுகளும் உள்ள படத்துக்கு இழப்பின்றிச் சுருக்கும் பிஎன்ஜி (PNG) கோப்பு வகை பொருத்தமானது.

விண்ணப்பப் படிவத்துக்காகக் கோப்பைச் சிறிதாக்க நேர்ந்தால் முதலில் பிக்சல் அளவைக் குறையுங்கள்; நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் பிக்சல்கள் கால் பங்காகிவிடும். தரத்தை அதன் பிறகு குறைத்தால் போதும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான்: மூலப் படத்தைப் புகைப்படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கோப்பின் விவரங்களில் 4000 × 3000 என்று இருக்கிறதா என்று தம்பி பார்த்த பிறகு அச்சிடட்டும்.