ஓய்வுக்கு எந்த ஊர்: டாம்பாவா, பிட்ஸ்பர்க்கா?

கேள்வி: நானும் மனைவியும் நியூ ஜெர்ஸி எடிசனில் நீண்ட காலமாக வசிக்கிறோம். எனக்கு வயது 66, அவருக்கு 62. சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். பென்ஷனும் 401(கே) சேமிப்பிலிருந்து எடுப்பதுமாக ஆண்டுக்குச் சுமார் 70,000 டாலர் வருகிறது. அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வுத் தொகை தனி. எனக்கு மெடிகேர் அட்வான்டேஜ் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் திட்டம்) காப்பீடு இருக்கிறது. மகள் ஒஹாயோவின் கொலம்பஸில், மகன் கலிஃபோர்னியாவில். வருமான வரி இல்லாத ஃபுளோரிடாவுக்கு, டாம்பா பக்கம் போய்விடலாம் என்பது என் எண்ணம். பெருமாள் கோயில் இருக்கும் பிட்ஸ்பர்க்தான் வேண்டும் என்கிறார் மனைவி. எது சரி?

பதில்: வரியிலிருந்தே தொடங்குகிறேன். அதை வைத்துத்தான் டாம்பாவைத் தேர்ந்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு நிற்கவில்லை. நியூ ஜெர்ஸியில் 62 வயதைத் தாண்டிய தம்பதியின் மொத்த வருமானம் 100,000 டாலருக்குள் இருந்தால் பென்ஷனுக்கும் 401(கே) பணத்துக்கும் மாநில வருமான வரி கிடையாது. சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி இல்லை என்பதோடு, அந்த ஒரு லட்சத்துக்குள் அது கணக்கிலும் சேராது. ஆக, இன்றைக்கே நீங்கள் மாநிலத்துக்குக் கட்டும் வருமான வரி ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஃபுளோரிடாவுக்குப் போய் எதை மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்?

உங்கள் கையைக் கடிப்பது சொத்து வரி. நியூ ஜெர்ஸியில் அதன் சராசரியே ஆண்டுக்கு 10,000 டாலரை எட்டிவிட்டது. டாம்பாவில் அது குறையும், மறுக்கவில்லை. குறைந்த பணம் வேறு வாசல் வழியாக வெளியேறும். அதன் பெயர் வீட்டுக் காப்பீடு. ஃபுளோரிடாவில் புயல் சேதத்துக்கான கழிவு, அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, வீட்டின் காப்பீட்டுத் தொகையில் இத்தனை சதவீதம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். 400,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதக் கழிவு என்றால், கூரை பறந்த பிறகு முதல் 8,000 டாலர் உங்கள் பையிலிருந்து. வெள்ளம் இதில் சேராது. அதற்குத் தனிக் காப்பீடு வாங்க வேண்டும். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் கடல்நீரை டாம்பா வளைகுடாக் கரை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. இரண்டு வாரம்கூடக் கழியவில்லை, மில்டன் தெற்கே சரசோட்டா அருகே கரையேறியது. வெள்ளத்தில் கெட்டு வாசலில் குவித்த சாமான்களை அள்ளி முடிப்பதற்குள் ஊரை விட்டு வெளியேறச் சொல்லி மறுபடி உத்தரவு. 66 வயதில் இதைச் சமாளித்துவிடுவீர்கள். 82 வயதில், இரவில், ஐ-75 நெடுஞ்சாலை நெரிசலில் வண்டியை யார் ஓட்டுவது?

நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி இதுதான். ஓய்வுக்கு ஊர் தேடுபவர்கள் 66 வயதின் கண்ணோடு தேடுகிறார்கள்: வெயில், கடற்கரை, நடைப்பயிற்சி. ஊர் தேவைப்படுவதோ கார் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்த பிறகு. அன்றைக்குப் பால் வாங்கவும் மருத்துவரைப் பார்க்கவும் எப்படிப் போவீர்கள்? டாம்பாவின் வடக்குப் புறநகர்களில் நம்மவர்கள் விரும்பி வாங்கும் வாயிற்கதவு போட்ட குடியிருப்புகள் அழகானவைதான். ஆனால் ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கும் காரை எடுத்தாக வேண்டும்.

பிட்ஸ்பர்க் இந்தக் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. பென்சில்வேனியாவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நகரப் பஸ்களில் டிக்கெட் கிடையாது. மாநில லாட்டரி வருமானம் அந்தச் செலவை ஏற்கிறது. பஸ் ஏற முடியாத முதியோரை வீட்டிலிருந்து ஏற்றிச்செல்ல, முன்பதிவு செய்யும் 'ஆக்சஸ்' வேன் சேவையும் இருக்கிறது. வரியிலும் குறையில்லை. மாநில வருமான வரி 3.07 சதவீதம், ஆனால் ஓய்வு வயதில் எடுக்கும் 401(கே), பென்ஷன், சோஷியல் செக்யூரிட்டி எதற்கும் அது கிடையாது. ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: உங்களுக்குப் பின் அவர்களுக்குப் போகும் சொத்தில் 4.5 சதவீதத்தை மாநிலம் எடுத்துக்கொள்ளும். கணவன் மனைவிக்கு இடையே அது இல்லை. கொலம்பஸிலிருந்து மகள் காரில் மூன்று மணி நேரத்தில் வந்துவிடுவார். வரிச்சலுகைகள் அத்தனையையும் விட இதற்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

ஆகவே, பிட்ஸ்பர்க். ஆனால் உங்கள் மனைவி நினைக்கும் இடத்தில் வேண்டாம். வெங்கடேஸ்வரா கோயில் நகரின் கிழக்கே, பென் ஹில்ஸ் மலைச்சரிவில் இருக்கிறது. 1970களில் எழுந்த, அமெரிக்காவின் ஆரம்பகால இந்துக் கோயில்களில் ஒன்று. அதை ஒட்டியும் பக்கத்து மன்ரோவில்லிலும் வீடு வாங்கவே நம்மவர்கள் ஆசைப்படுகிறார்கள். அங்கேயும் கார் இல்லாமல் காரியம் நடக்காது. கோயிலுக்கு வாரம் ஒரு முறை போவீர்கள். மருந்துக்கடைக்கும் மளிகைக்கும் மருத்துவமனைக்கும் போவது அதைவிட அதிகம்.

நான் பார்க்கச் சொல்வது ஸ்குவிரல் ஹில், ஷேடிசைட் பகுதிகளில் லிஃப்ட் உள்ள அடுக்ககம். ஸ்குவிரல் ஹில்லில் மரே அவென்யூவும் ஃபோர்ப்ஸ் அவென்யூவும் சேரும் இடத்தைச் சுற்றிக் கடைகள், நூலகம் எல்லாம் நடக்கும் தூரத்தில். அங்கிருந்து 61 வரிசை பஸ்கள் ஓக்லண்டுக்குப் போகின்றன. பெரிய மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் அங்கேதான். கார்னகி மெலன், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இரண்டிலும் 'ஆஷர்' என்ற பெயரில் முதியோருக்கான வகுப்புகள் நடக்கின்றன. பரீட்சை இல்லை, அதனால் மாணவர்கள் நிறையவே பேசுகிறார்கள்.

தனி வீடுதான் வேண்டும் என்றால், வீடு பார்க்கப் போகும்போது படிகளை எண்ணுங்கள். நகரமே மலைமேல் கட்டியது. பொதுப் படிக்கட்டுகள் மட்டும் 700க்கு மேல். பழைய வீடுகளில் கார் நிறுத்துவது அடித்தளத்தில், துணி துவைக்கும் எந்திரமும் அங்கேயே, சமையலறை ஒரு மாடி மேலே, குளியலறை அதற்கும் மேலே. தெருவிலிருந்து வாசலுக்கு ஏற வேறு பன்னிரண்டு படிகள் இருக்கும். ஜனவரியில் அவற்றின்மேல் பனி உறைந்திருக்கும். தரகர் சமையலறையின் கிரானைட் மேடையைக் காட்டும்போது நீங்கள் மாடிப்படியின் கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள்.

இன்னொரு குறை, வானம். நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலும் சாம்பல் நிறம்தான். சிலருக்கு அது மனத்தையே அழுத்திவிடும். ஆகவே வாங்குமுன் பிப்ரவரியில் ஒரு மாதமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். டாம்பா இன்னும் மனத்தில் நின்றால் அங்கே ஆகஸ்டில் போய் இருங்கள். ஜனவரியில் போனால் யாருக்குத்தான் ஃபுளோரிடா பிடிக்காது?

இனி மருத்துவக் காப்பீடு. இதில் அவசரமும் இருக்கிறது. பிட்ஸ்பர்க்கில் யுபிஎம்சி, ஹைமார்க் என இரண்டு பெரும் நிறுவனங்கள். இருவரிடமும் சொந்த மருத்துவமனைகளும் உண்டு, சொந்தக் காப்பீடும் உண்டு. மெடிகேர் அட்வான்டேஜ் எடுத்தால், உங்கள் இதய மருத்துவர் எந்தப் பக்கம் என்பதைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் போக வேண்டுமானால் அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேரும், துணைக்கு அது விட்டுவைக்கும் செலவை ஏற்கும் மெடிகேப் பாலிசியும் வேண்டும். மெடிகேப்பை 65 வயதில் கிடைக்கும் ஆறு மாத வாய்ப்பைத் தவறவிட்டுப் பிறகு கேட்டால், பெரும்பாலான மாநிலங்களில் உங்கள் நோய் வரலாற்றைப் பார்த்து மறுக்கலாம். இடமாற்றம் உங்களுக்கு அந்தக் கதவை மறுபடி திறக்கிறது. இப்போதைய அட்வான்டேஜ் திட்டத்தின் எல்லையை விட்டு வெளியேறுவதால் அது முடிவுக்கு வரும். முடிந்த 63 நாட்களுக்குள் விண்ணப்பித்தால், குறிப்பிட்ட மெடிகேப் பாலிசிகளை உடல்நிலை கேட்காமல் தந்தாக வேண்டும். பழைய திட்டம் முடிந்ததற்கான கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த நிறுவனத்தின் பாலிசியும் விற்காத, 'ஷிப்' என்ற அரசு உதவித் திட்டத்தின் ஆலோசகர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் இலவசமாக உதவுகிறார்கள். வீட்டுத் தரகருக்கு முன் அவர்களை அழையுங்கள்.

உங்கள் மனைவிக்கு மெடிகேர் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை அவர் அரசுச் சந்தையில் காப்பீடு வாங்குவதாக இருந்தால், எடிசன் வீட்டை விற்கும் ஆண்டைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். தம்பதிக்கு 500,000 டாலர் வரை லாபத்துக்கு வரி விலக்கு உண்டு. நீண்ட காலம் வைத்திருந்த வீடு, லாபம் அதைத் தாண்டலாம். தாண்டிய தொகை அந்த ஆண்டு வருமானத்தில் ஏறும். வருமானத்தைப் பார்த்து அரசு தரும் அவருடைய பிரீமிய மானியம் குறையலாம், போயேகூடப் போகலாம். உங்கள் மெடிகேர் பிரீமியமும் இரண்டு ஆண்டு கழித்து அந்த வருமானத்தைப் பார்த்துத்தான் நிர்ணயமாகும். பழைய சமையலறைப் புதுப்பிப்பு, கூரை மாற்றியது ஆகியவற்றின் ரசீதுகள் இருந்தால் தேடி எடுங்கள். அவை வீட்டின் அடக்கவிலையில் சேர்ந்து லாபத்தைக் குறைக்கும்.