கண்ணு, காது, தோல்ல இருந்து வர்ற தகவலை மூளையோட மேல் அடுக்கான கார்டெக்ஸ் எப்படிப் புரிஞ்சுக்குது?

கேள்வி கேட்டவர் கீழ இன்னொரு வரியும் போட்டிருக்கார், "தோல்ல பட்டதுமே தெரியுதே, அப்புறம் கார்டெக்ஸுக்கு என்ன வேலை"ன்னு. இந்த ரெண்டாவது வரிக்காகத்தான் பதில் எழுத உக்காந்தேன், ஏன்னா அதுக்கான பதில ரெண்டு வருஷமா எங்க வீட்டுலயே பாத்துக்கிட்டு இருக்கேன்.

நான் பிசியோதெரபி படிச்சவ, ஊரு பாம்பன் பக்கம். அப்பா வல்லத்துல, அதாவது சின்னப் படகுல போயி தூண்டில் போடுறவர், கம்பெல்லாம் கிடையாது, நரம்பு நேரா விரல்லதான் கிடக்கும். எங்க பக்கம் தூண்டில் கயிற நரம்புன்னுதான் சொல்லுவோம், உடம்புக்குள்ள ஓடுறதுக்கும் அதே பேருதான், காலேஜ்ல அனாடமி படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு அப்பாவோட விரல்தான் ஞாபகம் வரும். அப்பா இடது கைக்காரர். எட்டு பாகம் (ரெண்டு கையையும் விரிச்ச நீளம் ஒரு பாகம்) தண்ணிக்குக் கீழ ஈயக்குண்டு கிடக்கும், ராத்திரி, ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது, ஆள்காட்டி விரல்ல நரம்ப லேசா மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. இது நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்குது, இது குண்டு பார்ல (கடலடிப் பாறைல) தட்டுது, இது கிளாத்தி மீன் கொறிக்குது, இது வெளமீன், இப்ப சுண்டணும். இதெல்லாம் மேல கொண்டு வர்றதுக்கு முன்னாடியே சொல்லுவாரு, பெரும்பாலும் சரியா இருக்கும்.

சின்ன வயசுல ஒருநாள் கேட்டேன், மீன் கொத்துறது உங்களுக்கு எங்கப்பா தெரியுதுன்னு. "முள்ளுலதான் தாயி"ன்னாரு. முள்ளுன்னா தூண்டில் கொக்கி. விரல்லன்னு சொல்லல. அப்ப எனக்கு அது சும்மா பேச்சு மாதிரிதான் இருந்துச்சு.

சரி, அந்த ஒரு கொத்து மூளைக்கு எப்படிப் போகுதுன்னு பாப்போம், கேள்விக்கான பதில் அதுக்குள்ளயே இருக்கு.

ஒரு உள்ளங்கையும் விரலும் சேர்ந்து சுமார் 17,000 தொடு உணர்வு நரம்பிழை இருக்கு. எல்லாம் ஒரே வேலை செய்யாது. சிலது விளிம்பு, முனை மாதிரி ஓரத்துக்கு, சிலது பொருள் வழுக்குறதுக்கு, சிலது தோல் இழுபடுறதுக்கு, இன்னொரு வகை ரொம்ப ஆழத்துல இருக்கும், வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா, பசீனியன்னு பேரு, அதுக்கு அழுத்தத்த விட அதிர்வுதான் தெரியும், செகண்டுக்கு 200, 300 தடவை நடுங்குற சின்ன அதிர்வு கூட அதுக்குப் போதும். இறுக்கமா நிக்கிற நரம்பு வழியா மேல வர்ற நடுக்கத்த முதல்ல பிடிக்கிறது இதுதான். ஆனா இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், மேல போறது மீனும் இல்ல நடுக்கமும் இல்ல, வெறும் மின் துடிப்பு. கண்ணுல இருந்து போறதும் அதே துடிப்புதான், காதுல இருந்து போறதும் அதேதான். வல்லத்துல நாலு நரம்பு போட்டிருந்தா எது ஆடுதுங்குறத வச்சுத்தான எந்தப் பக்கம் மீன் வந்திருக்குன்னு தெரியும், அந்த மாதிரி எந்த இழைல வந்துச்சு, எந்த தாளத்துல வந்துச்சு, இது ரெண்டுதான் மூளைக்குக் கிடைக்கிற தகவல்.

அந்தத் துடிப்பு கை நரம்பு வழியா தண்டுவடத்துக்குப் போயி, கழுத்துக்கு மேல முகுளத்துல ஆள் மாறி (அடுத்த நரம்பு செல்லுக்குக் கைமாறி), எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டி, தாலமஸ்னு மூளை நடுவுல இருக்குற ஜங்ஷன்ல இன்னொரு தடவ ஆள் மாறி, கார்டெக்ஸ்ல ஏறும். இடது கையோட சேதி வலது மூளைக்கு. விரல்ல இருந்து அங்க போய்ச் சேர ஒரு செகண்டுல 50ல ஒரு பங்கு நேரம்தான் ஆகும்.

கார்டெக்ஸ்ங்குறது மூளையோட மேல் தோல் மாதிரி, 2ல இருந்து 4 மி.மீ. தடிமன், விரிச்சுப் போட்டா தினசரி பேப்பர் ஒரு பக்கம் அளவுக்கு வரும், அத வலைய குவிச்சு கூடைக்குள்ள திணிச்ச மாதிரி மண்டைக்குள்ள மடிச்சு வச்சிருக்கு. அதுக்குள்ள சுமார் 1,600 கோடி நியூரான், அதாவது நரம்பு செல். குறுக்கு வாட்டுல வெட்டிப் பாத்தா பெரும்பாலான இடத்துல ஆறு அடுக்கு. தாலமஸ்ல இருந்து வர்ற சேதி முக்கியமா நாலாவது அடுக்குல இறங்கும், மேல் அடுக்குங்க அத பக்கத்து ஏரியாவுக்கு அனுப்பும், அஞ்சாவது அடுக்கு கீழ மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும், ஆறாவது அடுக்கு திரும்ப தாலமஸுக்கே. 1957ல வெர்னான் மவுன்ட்காசில்ங்குறவர் பூனையோட கார்டெக்ஸ்ல மெல்லிசான கம்பிய நேரா இறக்கிப் பாத்தப்ப, மேல இருந்து கீழ வரைக்கும் எல்லா நியூரானும் உடம்போட ஒரே இடத்துக்கு, ஒரே வகைத் தொடுதலுக்கு பதில் சொல்லுச்சு, கொஞ்சம் தள்ளி இறக்கினா வேற வகை. அதாவது சின்னச் சின்னத் தூண் மாதிரி பிரிஞ்சு கிடக்கு.

அந்தத் தூணுங்க எல்லாம் சேர்ந்து ஒரு மேப். 1937ல மான்ட்ரியல்ல வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரேயும், விழிச்சிருக்குற நோயாளிகளோட மூளைல லேசா கரண்ட் குடுத்து இத வரைஞ்சாங்க. அதுல முதுகுக்குக் கொஞ்சூண்டு எடம், உதட்டுக்கும் விரலுக்கும் பெரிய எடம். வீட்டுலயே செஞ்சு பாக்கலாம், ரெண்டு ஈர்க்குச்சிய எடுத்து நுனி ரெண்டையும் அரை இஞ்ச் தள்ளிப் பிடிச்சு, கண்ண மூடுனவங்க முதுகுல வைங்க, ஒரு குச்சின்னுதான் சொல்லுவாங்க. விரல் நுனில வச்சா 2, 3 மி.மீ. இடைவெளியே தெரிஞ்சிரும். இந்த மேப் பழக்கத்தப் பொறுத்து மாறவும் செய்யும். வயலின் மாதிரி தந்தி வாத்தியம் வாசிக்கிறவங்களுக்கு இடது கை விரலோட எடம் பெருசா இருக்குன்னு 1995ல அளந்தே காட்டினாங்க. தூண்டில்காரங்கள யாரும் அளந்ததா நான் படிச்சதில்ல, ஆனா அப்பா விரலப் பாத்தா எனக்குச் சந்தேகமே இல்ல.

ஆனா மேப்போட கதை முடியல. இனிமேதான் கார்டெக்ஸோட நிஜமான வேலை.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. காலைல வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, இடது கை தொங்கிருச்சு. இந்த மாதிரி ஆனா கட்டியக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, எங்க ஊர்ல இருந்து மதுரைக்குப் போகவே மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால வாய் கோணுச்சுன்னா எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு நிக்காம உடனே கிளம்புங்க, இத எங்க சொன்னாலும் நான் சொல்லிருவேன். நாங்க போயிட்டோம். ஒரு மாசத்துல கைல பலம் நல்லாவே திரும்பிருச்சு, குடத்தத் தூக்குனாரு, சட்டை பட்டன மட்டும் போட முடியல. ஸ்கேன்ல வலது பக்கம் உச்சிக்குக் கொஞ்சம் பின்னாடி, பரைட்டல் பகுதில ஒரு வெள்ளைத் திட்டு.

டாக்டர் கண்ண மூடச் சொல்லிட்டு அப்பாவோட இடது கைல ஒரு சாவிய வச்சாங்க. நான் பக்கத்துல நின்னேன். "ஏதோ இருக்கு. குளுமையா இருக்கு. கெட்டியா இருக்கு." என்னன்னு சொல்லுங்க ஐயா. விரல வச்சு தடவுறாரு, புரட்டுறாரு, அதையே திரும்பத் திரும்ப சொல்றாரு. அதே சாவிய வலது கைல வச்ச உடனே "சாவி"ன்னாரு. அப்புறம் இடது உள்ளங்கைல பேனா மூடியால 3ன்னு எழுதினாங்க, எழுதுறது தெரியுது, என்ன எழுதினாங்கன்னு தெரியல.

கேள்வி கேட்டவருக்கு நான் சொல்ல வந்தது இதுதான். தோல் நல்லா இருக்கு, கை நரம்பு நல்லா இருக்கு, தாலமஸும் நல்லா இருக்கு. தொட்டா தெரியுது, குளிர் தெரியுது, வலி தெரியுது. பல்லு, வளையம், தண்டு எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்து "இது சாவி"ன்னு ஆக்குறது மட்டும் போயிருச்சு. அந்தக் கோக்குற வேலைதான் கார்டெக்ஸ். முதல்ல சேதி இறங்குற ஏரியாவுல விவரம் துண்டு துண்டா இருக்கும், அடுத்தடுத்த ஏரியால சொரசொரப்பு, திசை, அளவு, வடிவம்னு சேர்ந்துக்கிட்டே போகும், விரல் மடங்கியிருக்கா நீண்டிருக்கான்னு மூட்டுல இருந்து வர்ற சேதியும் அங்கதான் கூடும். குரங்குகள்ல இந்த ஏரியாக்கள ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தப்ப, ஒண்ணு போனா சொரசொரப்புல தடுமாறுது, இன்னொண்ணு போனா வடிவத்துல தடுமாறுது.

இதுக்கு எதிர்த் திசைலயும் ஒரு ஓட்டம் இருக்கு. கார்டெக்ஸ்ல இருந்து தாலமஸுக்குத் திரும்பப் போற இழைங்க, தாலமஸ்ல இருந்து ஏறி வர்றத விட பல மடங்கு அதிகம். எதுக்கு இவ்வளவு? அடுத்து என்ன வரும்னு மேல இருந்து முன்கூட்டியே சொல்லி அனுப்புறதுக்குங்குறது இப்ப வலுவா இருக்குற ஒரு விளக்கம். 1999ல ராஜேஷ் ராவும் டானா பல்லார்டும் பார்வை கார்டெக்ஸுக்கு இத கணக்கா எழுதிக் காட்டினாங்க: மேல இருந்து யூகம் இறங்குது, யூகத்துக்கு மிஞ்சின வித்தியாசம் மட்டும் மேல ஏறுது. நம்மள நாமளே கிச்சுக்கிச்சு மூட்டிக்க முடியாததும் இதுக்குக் கிட்டத்துல உள்ள விஷயம்தான், சொந்த அசைவால வர்ற உணர்வ மூளை முன்னாடியே கணிச்சு அமுக்கிருது, லண்டன்ல 1998ல ஸ்கேனர்ல வச்சே பாத்தாங்க. அப்பாவோட விரலுக்கு இத வச்சுப் பாருங்க. அலைல வல்லம் ஏறி இறங்குது, நீவாடு ஒரே சீரா இழுக்குது, அவரே நரம்ப அசைக்கிறாரு, விரல் ஒரு நொடி கூட சும்மா இல்ல. அதெல்லாம் எதிர்பார்த்தது. எதிர்பார்க்காத ஒரு தட்டு வந்தா அதுதான் மீன்.

கண்ணு காதுக்கும் அடிப்படை இதேதான், நீளமா போகல. பார்வை பின் மண்டைல இறங்கும், அங்க ஒவ்வொரு நியூரானும் ஒரு சாய்வுல இருக்குற கோட்டுக்குத்தான் துள்ளும்னு ஹியூபெலும் வீசலும் 1959ல பூனைல காட்டினாங்க, 1981ல நோபல் வாங்கினாங்க. சத்தம் காதுக்கு மேல பக்கவாட்டுல, கீழ்ஸ்தாயி மேல்ஸ்தாயி வரிசையா அடுக்கி. வாசனை மட்டும் தாலமஸுக்குப் போகாம நேரா உள்ள போயிரும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மிருகங்கா சுர் 2000ல வெளியிட்ட சோதனை, கான்பூர் ஐஐடில படிச்சு அமெரிக்காவுல இருக்குற எம்ஐடி போனவர். ஃபெரட்னு கீரி மாதிரி ஒரு பிராணி, பிறந்த உடனே அதோட கண் நரம்ப கேட்கும் பாதைக்குத் திருப்பி விட்டாங்க. கேட்கும் கார்டெக்ஸ்ல கோட்டுச் சாய்வு மேப் உருவாச்சு, அந்தப் பிராணி வெளிச்சத்த பார்வைன்னே எடுத்துக்கிட்டுச்சு. கார்டெக்ஸ் துணி கிட்டத்தட்ட ஒரே நெசவுதான், என்ன சேதி வருதோ அதுக்கேத்த மாதிரி அது தன்னைத் தயார் பண்ணிக்குது.

இதையும், 1996ல ரான்டால்ஃப் நூடோ குரங்குகள்ல காட்டினதையும் நம்பித்தான் நான் அப்பாவோட கைய எடுத்தேன். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் கைக்குப் பயிற்சி குடுத்த குரங்குகளுக்கு, அசைவ நடத்துற மோட்டார் கார்டெக்ஸ்ல மிச்சமிருந்த கை ஏரியா சுருங்காம நின்னுச்சு, பயிற்சி இல்லாததுக்குச் சுருங்குச்சு.

ஒரு டப்பால அரிசி, அதுக்குள்ள சோழி, ஈயக்குண்டு, 5 ரூபா காசு, சாவி, சின்னச் சங்கு. கண்ண மூடிக்கிட்டு இடது கையால தேடி எடுக்கணும், என்னன்னு சொல்லணும், தப்புன்னா கண்ணத் திறந்து பாத்துக்கிட்டே தடவணும், வலது கைலயும் அதையே வச்சுத் தடவணும். காலைல 20 நிமிஷம், சாயங்காலம் 20 நிமிஷம். முதல் மாசம் கோவம்தான் வந்துச்சு அவருக்கு. அப்புறம் வலைத் துண்டு கொண்டு வந்து குடுத்தேன், கண்ணு பெருசு, கண்ணு சிறுசு, அது அவருக்குத் தெரிஞ்ச உலகம் இல்லையா, அதுல உக்காந்துட்டாரு. மூணாவது மாசம் சோழிக்கும் சங்குக்கும் வித்தியாசம் சொன்னாரு. காசுல 2 ரூபாயா 5 ரூபாயாங்குறது இன்னிக்கு வரைக்கும் பாதி தடவ தப்புதான்.

நடுவுல ஒருநாள் கரைல இருந்து நரம்ப விட்டுப் பாத்துட்டு வந்து சொன்னாரு, "இழுக்குறது தெரியுது தாயி, ஆனா விரல்லதான் தெரியுது. முள்ளு செத்துப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா அது பேச்சு வழக்கே இல்ல. 1996ல ஜப்பான்ல அட்சுஷி இரிகி, குரங்குக்கு ஒரு வாரிக்கோல் குடுத்து தீனி இழுக்கப் பழக்கினப்ப, பரைட்டல் கார்டெக்ஸ்ல கைக்குப் பக்கத்துல நடக்குறதுக்கு பதில் சொல்ற நியூரான்லாம் கோலோட நுனி வரைக்கும் எட்டி பதில் சொல்ல ஆரம்பிச்சுச்சு. 2018ல லூக் மில்லரும் கூட இருந்தவங்களும், மனுஷங்க கைல ஒரு கம்பக் குடுத்து கம்புல எங்க தட்டினாலும் அந்த இடத்த ரொம்பச் சரியா சொல்ல முடியுதுன்னு காட்டினாங்க, கம்போட அதிர்வுலயே அந்தத் தகவல் இருக்கு. தூண்டில் முள்ளு அப்பாவுக்கு எட்டு பாகம் நீளமான விரலோட நுனியா இருந்திருக்கு. அத அங்க வரைக்கும் நீட்டி வச்சிருந்தது கார்டெக்ஸ்.

போன வாடைக்கு வடகடல் கொந்தளிப்பா கிடந்துச்சு, தென்கடல் அமைதி. குந்துகால் பக்கம் சித்தப்பா வல்லத்துல அப்பாவ ஏத்திக்கிட்டுப் போனோம், நானும் போனேன். கணவாய்த் துண்ட மாட்டி, இடது விரல்ல நரம்ப வச்சுக்கிட்டு அவராவே கண்ண மூடிக்கிட்டாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. "குண்டு தட்டுது"ன்னாரு. கொஞ்சம் கழிச்சு, "நீவாடு." அப்புறம் தலைய லேசா சாச்சு, "கிளாத்தி. கொறிக்கிறான்." சுண்டல, விட்டுட்டாரு. மேல இழுத்துப் பாத்தோம், இரையக் காணோம், முள்ளு மட்டும் பளபளன்னு வந்துச்சு. எங்கப்பா தெரிஞ்சுச்சுன்னு கேட்டேன். உடனே பதில் சொல்லல, அடுத்த துண்ட மாட்டி நரம்ப தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டே, "பாதி தூரம் வரைக்கும் போயிருக்கு"ன்னாரு.