சுண்டிக்குளத்துப் பூநாரைகள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

சென்ற ஆவணியில் பூநாரை பார்க்கக் குடும்பமாகச் சுண்டிக்குளம் நீரேரிக்குப் போனோம். போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. பூநாரை ஒன்றுகூட இல்லை. நாலைந்து கொக்கும் கானலும்தான். நாங்கள் போன வான் வண்டி மணலில் புதைந்ததுதான் மிச்சம். வற்றுப்பெருக்கு நேரம் பார்த்துப் போகவேண்டும் என்கிறார் ஒருவர். சரியா? மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்த 10×50 பைனாகுலர் போதுமா? பிள்ளைகள் இருவருக்கும் பத்து வயதுக்குள்.

– வாசகர், சுன்னாகம்

அன்புள்ள நண்பருக்கு,

வற்றுப்பெருக்கு அட்டவணை இங்கே உதவாது. நமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் முக்கால் மீற்றரைக்கூட எட்டாது. சுண்டிக்குளத்தில் கடலுக்கும் நீரேரிக்கும் நடுவே மணல் திட்டு வேறு மறித்துக் கிடக்கிறது. மாரி வெள்ளம் வந்தால்தான் நீரேரியின் முகம் கடலுக்குத் திறக்கும். அங்கே நீர்மட்டத்தைத் தீர்மானிப்பவை மழையும் கனகராயன் ஆற்று வெள்ளமும், பிறகு வெயிலும் காற்றும்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி வடித்துத் தின்கிற பறவை. அதற்கு ஆழமில்லாத உவர்நீர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரேரி முட்டி நிற்கும்போது வந்தவையும் சிதறிப் போகும். மழை ஓய்ந்து, நீர் வடிந்து உப்பு ஏறத்தான் கூட்டம் சேரும். தைப்பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் இடைப்பட்ட வாரங்களில் போங்கள். அந்த ஆண்டு மழை பிந்தினால் நீங்களும் பிந்துங்கள். ஆவணியில் ஊசிவால் வாத்து முதலான வலசை வாத்துகள் இன்னும் வந்திருக்கமாட்டா. நீரேரியும் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும்.

காற்றையும் கவனியுங்கள். வாடை இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் நீரைத் தென்மேற்குப் பக்கம் ஒதுக்கிவிடும். கடற்கரைப் பக்கத்து விளிம்பில் ஈரச் சேறு வெளிப்படும். பறவைகள் கிட்ட வரும் நாட்கள் அவை.

கிழக்கே கடல், மேற்கே நீரேரி என்ற கிடப்பு காலைக்குத்தான் தோது. சூரியன் முதுகுப்புறம் இருக்க, நிறம் தெளியும். மாலையில் அதே இடத்தில் எல்லாம் கறுப்பு உருவங்கள்தான். தை மாதத்தில் ஆறரை மணி மட்டில் சூரியன் உதிக்கும்; அப்போது அங்கே நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பினால் எந்தக் கண்ணாடியும் உதவாது.

விளிம்பிலிருந்து வெளியே நோக்கி நிதானமாகப் பாருங்கள். ஈரச் சேற்றில் ஓடி ஓடி நிற்பது உப்புக்கொத்தி. கணுக்கால் நீரில் நீண்ட அலகைக் குத்தி எடுப்பவை மூக்கன்கள். அதற்கு அப்பால் பூநாரை, இன்னும் அப்பால் வாத்துக்கூட்டம். எல்லோரும் தூரத்து இளஞ்சிவப்பையே பார்த்துவிட்டுக் காலடியில் நிற்பதைத் தவறவிடுகிறார்கள்.

10×50 விடியல் வெளிச்சத்துக்கு நல்லது. ஆனால் பாரம், கடற்காற்றில் கை நடுங்கினால் அந்த நடுக்கமும் பத்து மடங்காகும். அரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி வான் யன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் பைனாகுலரை அமர்த்துங்கள். என்ஜினை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே ஆட்டும். பிள்ளைகளுக்கு 8×32 போன்ற இலேசானது வசதி.

வானை இறுகிய பாதையிலேயே விடுங்கள். புதைந்தால் அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கச் சில்லு தனக்கே குழி தோண்டும். ஆட்களை இறக்கி, ரயர் காற்றை 20 இறாத்தல் (psi) அளவுக்கு வரும்வரை குறைத்து, சில்லுக்கு முன்னால் மணலை வாரிவிட்டு மெதுவாக எடுக்கவேண்டும். காற்றடிக்கும் பம்ப் கையில் இருக்கட்டும்.

நீரேரிப் படுக்கையில் இறங்கவே வேண்டாம். மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு. கால் வைத்ததும் அப்பளம்போல நொறுங்கும், கீழே கறுத்த களி முழங்கால்வரை இழுக்கும். பற்றைக்குள்ளும் நுழையாதீர்கள். வடக்கில் மிதிவெடி அகற்றல் இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகை கண்டால் திரும்புங்கள், இல்லாவிட்டாலும் ஆள் நடமாடும் தடத்தை விடாதீர்கள். பங்குனிக்குப் பிறகு மணலில் முட்டையிடும் அனுமன் உப்புக்கொத்தியை (2023இல்தான் தனி இனமாகப் பிரித்தார்கள்) மோட்டார் சைக்கிள்கள் நசுக்குவதும் உண்டு. முட்டை மணல் நிறம். ஓட்டுபவர் கண்ணில் படாது.

பூநாரைகள் தின்பதை விட்டுக் கழுத்தை நிமிர்த்தி, எல்லாம் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டப் போய்விட்டீர்கள். பறக்கட்டும், படம் எடுக்கலாம் என்று கைதட்டுகிற கூட்டத்தோடு போகாதீர்கள். சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம், 2015 முதல் தேசிய பூங்கா. ட்ரோன் கொண்டுபோக வேண்டாம், புறப்படுமுன் வனசீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

சுண்டிக்குளம் போகுமுன் ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளைப் பண்ணைப் பாலத்துக்கோ சரசாலைக் குருவிக்காட்டுக்கோ கூட்டிப்போய்ப் பைனாகுலர் பிடிக்கப் பழக்குங்கள். சுண்டிக்குளத்துக்கு ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரும் தொப்பியும் வேண்டும். மருதங்கேணி தாண்டினால் கடையை நம்பாதீர்கள்.